‘பயங்கரவாதம்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா? தென்னாப்பிரிக்காவை முன்வைத்து

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 மார்ச்

அரசு கொன்றால் அது சட்டம் ஒழுங்கு. அரசை எதிர்ப்பவர் கொன்றால் அது பயங்கரவாதம். நேற்றுப் பயங்கரவாதி என்று ஏசப்பட்டவர் மறுநாள் நாட்டின் தலைவராகிறார், நோபல் பரிசும் வாங்குகிறார். ஆகவே இந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. வென்றவன் தோற்றவனுக்கு வைக்கும் பெயர்தான் அது. மண்டேலா ஒருவரே இதற்குப் போதுமான சான்று. மறுப்பவர் உண்டா?

3 மார்ச், இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதியை மட்டும். சொல்லை அரசுகள் தம் வசதிக்கேற்ப வீசுகின்றன என்பது உண்மை. அதனால் சொல்லுக்குப் பொருளே இல்லை என்பது, கள்ள நோட்டு புழங்குவதால் நல்ல நோட்டும் செல்லாது என்று சொல்வதைப் போன்றது.

வெள்ளைச் சிறுபான்மை ஆட்சியின் இன ஒதுக்கலை (அபார்தைட்) எதிர்த்த மண்டேலாவைச் சான்றாக அழைத்தீர்கள். அவர் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லுவார். பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை பெற்ற அந்த மனிதர், 1964 ஏப்ரல் 20 அன்று தலைநகர் பிரிட்டோரியாவில் குற்றவாளிக் கூண்டிலிருந்து பேசியபோது, தங்கள் முன் நான்கு வகை வன்முறைகள் இருந்தன என்று வரிசைப்படுத்தினார்: நாசவேலை, கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி. அவற்றுள் முதலாவதையே தேர்ந்தோம், ஏனெனில் அதில் உயிர்ச்சேதம் இல்லை, பிற்காலத்தில் இனங்கள் சேர்ந்து வாழ்வதற்கு அதுவே குறைந்த தடையாக இருக்கும் என்றார். அதாவது, பயங்கரவாதம் என்று ஒன்று உண்டு, அது வேறு, நாங்கள் செய்தது வேறு என்பதுதான் அவருடைய வாதத்தின் அடித்தளம். சொல்லுக்குப் பொருளே இல்லையென்றால் அந்த உரையின் பாதி சரிந்துவிடும்.

4 மார்ச், காலை

நேற்றைய குறிப்பில் ஒரு பெரும் பிழை. எழுதிவிட்டுப் படுத்த பிறகு உறுத்தியது, எழுந்து சரிபார்த்தேன். மண்டேலா பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்படவில்லை. அவர்மீதான ரிவோனியா வழக்கு 1962ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டத்தையும் கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டத்தையும் வைத்து நடந்தது. பயங்கரவாதச் சட்டம் வந்தது 1967இல். அப்போது அவர் ராபன் தீவுச் சிறையில் கல்லுடைக்கத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

பிழையைத் திருத்தும்போது அதைவிட முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது. உலகமே பயங்கரவாதி என்று அழைத்தவர்மீது அந்தச் சட்டம் பாயவில்லை; பாய்ந்தது யார்மீது? முதல் பெரிய வழக்கு, தென்னாப்பிரிக்கா அப்போது தன் பிடியில் வைத்திருந்த நமீபியாவின் மக்கள்மீது. அவர்களைச் சிக்க வைப்பதற்காகவே சட்டத்தை 1962 ஜூன் 27 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வழக்கில் தோய்வோ யா தோய்வோ, நாங்கள் நமீபியர்கள், தென்னாப்பிரிக்கர் அல்லர், உங்கள் சட்டம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றத்திலேயே கேட்டார். இருபதாண்டுச் சிறை கிடைத்தது. அடுத்து, கறுப்பர் தன்னுணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பிக்கோ. அவர் ஒரு வெடிகுண்டையும் வைத்தவர் அல்லர். 1977 ஆகஸ்டில் இச்சட்டத்தின் 6ஆவது பிரிவில் பிடித்துச் சென்றார்கள். விசாரணையில் மண்டையில் காயம். பிறகு நிர்வாணமாக வண்டியின் பின்பகுதியில் கிடத்தி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே பிரிட்டோரியாவுக்குக் கொண்டு சென்றார்கள். செப்டம்பர் 12 அன்று இறந்தார். அந்த 6ஆவது பிரிவின்படி, லெப்டினன்ட் கர்னல் நிலையிலுள்ள ஒரு காவல் அதிகாரி ஒருவரைக் கால வரம்பின்றி அடைத்து வைக்கலாம். விடுவிக்கும்படி எந்த நீதிமன்றமும் உத்தரவிட இயலாது.

சட்டம் பயங்கரவாதத்துக்குக் கொடுத்த வரையறையையும் பாருங்கள். சட்டம் ஒழுங்கைக் குலைக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் எந்தச் செயலும் பயங்கரவாதம். அந்த நோக்கம் இருந்தது என்று ஊகிக்கப் போதுமான விளைவுகளின் பட்டியலில், வெள்ளையருக்கும் ஏனையோருக்கும் இடையே பகைமையை வளர்ப்பதும், அரசு நிர்வாகத்தைச் சங்கடப்படுத்துவதும்கூட இருந்தன. அரசாங்கத்துக்குச் சங்கடம் உண்டாக்குவதைப் பயங்கரவாதத்தின் அடையாளமாக்கிய சட்டம்! கேள்வி கேட்ட வாசகருக்கு இந்த இடத்தில் என் வாக்கை முழுமையாகத் தருகிறேன்.

6 மார்ச்

இந்தச் சொற்களோடு எனக்குத் தனிப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திமேசையில் இளநிலைத் துணையாசிரியராக இருந்தேன். இரவுப் பணியில் டெலிபிரிண்டரில் வரும் ஆங்கிலச் செய்திகளைக் கிழித்துத் தமிழாக்கித் தருவதே வேலை. தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை 1946லேயே முறித்துக்கொண்ட நாடு இந்தியா. மண்டேலாவின் அமைப்பான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு டில்லியில் அலுவலகம் இருந்தது. ஆகவே அவர்கள் எங்கள் பக்கங்களில் ‘விடுதலைப் போராளிகள்’. அதே பக்கத்தின் அடுத்த பத்தியில் பஞ்சாப் செய்தி வரும்; அவர்கள் ‘தீவிரவாதிகள்’. இரண்டு செய்திகளிலும் ஏந்தப்பட்டது துப்பாக்கிதானே, ஏன் இரண்டு சொற்கள் என்று ஓரிரவு தலைமைத் துணையாசிரியரிடம் கேட்டேன். அவர் மெய்ப்பிலிருந்து தலையை உயர்த்தாமலே, “அது அவங்க ஊரு, இது நம்ம ஊரு, எழுதுப்பா” என்றார்.

நான் எழுதினேன். அதைவிட நேர்மையான விளக்கத்தைப் பிறகு எந்த அரசியல் அறிவியல் வகுப்பிலும் கேட்டதில்லை.

1983 மே 20 வெள்ளிக்கிழமை மாலை, பிரிட்டோரியாவின் சர்ச் தெருவில் விமானப்படைத் தலைமையகத்தின் எதிரே கார்க்குண்டு வெடித்த செய்தியும் நான் மேசையில் இருந்தபோதுதான் வந்தது. 19 பேர் இறந்தனர், 217 பேர் காயமடைந்தனர். குண்டு முன்கூட்டியே வெடித்ததால் அதைக் கொண்டுவந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆட்கள் இருவரும் அந்த 19 பேரில் அடக்கம். அலுவலகம் விடும் நேரம். சீருடைக்காரரும் இறந்தனர், தெருவில் நடந்தவரும் இறந்தனர். என்ன சொல் எழுதினேன் என்று இப்போது உறுதியாக நினைவில் இல்லை. ‘கெரில்லாக்கள்’ என்று எழுதியதாகவே தோன்றுகிறது. பழைய நறுக்குகள் பரண்மேல் கிடக்கின்றன, தேடிப் பார்க்கிறேன்.

7 மார்ச்

“எல்லா அரசு வன்முறையும் அரச பயங்கரவாதம்தானா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை என்பதே என் எண்ணம்; ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பதில் நான் தடுமாறுகிறேன்.

ஷார்ப்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 மார்ச் 21; கறுப்பர்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற ‘பாஸ்’ சட்டத்தை எதிர்த்துக் காவல்நிலையத்தின் முன்னால் கூடிய கூட்டத்தின்மீது சுட்டதில் 69 பேர் இறந்தனர்; பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. பட்டப்பகலில், சீருடையில், அனைவரும் பார்க்கும்படி. மறு ஆண்டு அரசு ஒரு சட்டமியற்றி, சுட்டவர்கள்மீதும் அதிகாரிகள்மீதும் வழக்குத் தொடுக்க முடியாதபடி செய்துகொண்டது. இன்னொரு பக்கம் கோட்சோ ஹவுஸ். 1988 ஆகஸ்ட் 31 அதிகாலையில் ஜொகானஸ்பர்க்கில் தேவாலயங்களின் பேரவை இயங்கிய அந்தக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது; பலர் காயமடைந்தனர். அமைச்சர் ஏட்ரியான் ஃபிளாக், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசைச் சேர்ந்த ஷெர்லி கன் என்ற பெண்தான் இதைச் செய்தார் என்று அறிவித்தார். அந்தப் பெண் பின்னர் பிடிபட்டு, கைக்குழந்தையுடன் காவலில் வைக்கப்பட்டார். உண்மையில் குண்டு வைத்தது காவல்துறையின் ரகசியக் கொலைப் பிரிவான பிளாக்பிளாஸ். உத்தரவு போனது அமைச்சர் வழியாக. இன ஒதுக்கல் ஆட்சி முடிந்தபின் இரு தரப்புக் குற்றங்களையும் விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் ஃபிளாக் தாமே இதை ஒப்புக்கொண்டு பொதுமன்னிப்புப் பெற்றார்.

முதலாவதை அடக்குமுறைப் படுகொலை என்றும் இரண்டாவதை அரச பயங்கரவாதம் என்றும் பிரித்து வைத்திருந்தேன். இப்போது எழுதும்போதே சந்தேகம் வருகிறது. இறந்தவர்களைவிட, பார்த்துக்கொண்டிருந்தவர்களை அச்சுறுத்துவதே பயங்கரவாதத்தின் வேலை என்றால், ஷார்ப்வில்தான் அந்த வேலையை அதிகம் செய்தது. கோட்சோ ஹவுஸில் என்னைக் கவர்வது வேறொன்று. அரசே அதை மறைத்தது. மறைத்ததோடு, அதைப் பயங்கரவாதம் என்றும் தன் வாயாலேயே சொன்னது. செய்தவர் யாரென்று தெரியாதவரை அந்தச் செயலுக்கு என்ன பெயர் என்பதில் பிரிட்டோரியாவுக்கு ஐயமே இருந்ததில்லை.

9 மார்ச்

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவருக்கு: ‘அரச பயங்கரவாதம்’ என்ற தொடரைத் தமிழுக்கு அன்றாடச் சொல்லாக்கியது உங்கள் மண்தான் என்பதை மறக்கவில்லை. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை, மேலே சொன்ன 6ஆவது பிரிவின் அருகே வைத்துப் படித்தால் உறவுமுறை புலப்படும். இருந்தும் தென்னாப்பிரிக்காவில் நிற்கிறேன்; ஏனெனில் அங்கே அரசின் ஆட்களும் எதிர்த்தவர்களும் ஒரே ஆணையத்தின் முன் வந்து, செய்ததைத் தம் பெயரில் சொன்னார்கள். வேறு பல இடங்களில் கோப்பு இன்னும் மூடியே இருக்கிறது.

12 மார்ச், நெடுங்குறிப்பு

எதிர்ப்பு எப்போது நியாயமாகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நம் வழக்கில், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தோம் என்று சொல்வார்கள். சட்டப் புத்தகங்களில் இதற்கு எவ்வளவோ பெரிய பெயர்கள் இருந்தாலும் பொருள் இதுதான். வழி அடைபட்டதா, யார் அடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தமிழ்க் குடும்பமே இதற்குக் கதை சொல்லும். தம்பி நாயுடு மொரீஷியசில் பிறந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர். காந்தியின் சத்தியாகிரகத்தில் மீண்டும் மீண்டும் சிறை சென்ற முதல் வரிசைத் தோழர். அவருடைய பேரன் இந்திரேஸ் நாயுடு 1963இல் ரயில்வேக்குச் சொந்தமான ஒரு கொட்டகையைத் தகர்க்க முயன்று, தோளில் குண்டடிபட்டுப் பிடிபட்டு, ராபன் தீவில் பத்தாண்டுகள் இருந்தார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே குடும்பத்தின் அறம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியுமா? இடையில் நடந்தவற்றைப் பாருங்கள்: 1952 எதிர்ப்பியக்கத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமைதியாகக் கைதானார்கள், பதில், இன்னும் கடுமையான சட்டங்கள். 1960 ஏப்ரலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசே தடை செய்யப்பட்டது. 1961 மேயில் வீட்டிலேயே இருக்கும் வேலைநிறுத்தம். அதற்கும் பதில் படை. வாக்கில்லாதவனிடமிருந்து கூட்டத்தையும், கூட்டமில்லாதவனிடமிருந்து வேலைநிறுத்தத்தையும் பறித்த பிறகே, 1961 டிசம்பர் 16 அன்று அதன் ஆயுதப் பிரிவான, ‘தேசத்தின் ஈட்டி’ என்று பொருள்படும் உம்கோண்டோ வெ சிஸ்வே தன் முதல் குண்டுகளை வெடித்தது. மனிதர்களுக்கு அல்ல, மின்கோபுரங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும்.

இந்த வரிசையை நான் ஏற்கிறேன். ஆனால் வழி அடைபட்டது என்பதால் கிடைப்பது ஆயுதம் ஏந்தும் நியாயம் மட்டுமே. அதை யார்மீது நீட்டலாம் என்பது தனிக் கேள்வி. 1985 டிசம்பர் 20 அன்று லெசோதோவின் மசேருவுக்குள் புகுந்த தென்னாப்பிரிக்கக் கொலைப்படை ஒன்பது பேரைக் கொன்றது. மூன்று நாள் கழித்து, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, டர்பனை அடுத்த அமன்சிம்டோட்டியில் கடைவளாகம் ஒன்றின் குப்பைத்தொட்டியில் வைத்த குண்டு வெடித்து ஐந்து பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. வைத்தவர் உம்கோண்டோவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சோண்டோ, வயது 19. மறு ஆண்டு செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். முன்கூட்டி எச்சரிக்கத் தொலைபேசியைத் தேடியதாகவும், எல்லாத் தொலைபேசிகளிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததாகவும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார்.

டர்பனில் என் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். உறவினர், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் பழைய ஆள், அந்தச் சம்பவத்தைப் பற்றி நான் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டு, நெடுநேரம் கழித்து, அந்தப் பையனின் பெயரில் இப்போது ஒரு தெரு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, வருந்திச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

13 மார்ச்

“விமானம் இல்லாதவன் குப்பைத்தொட்டியில்தான் குண்டு வைப்பான், வலிமையற்றவனுக்குப் போர்விதி பேசுவது வலியவனுக்குச் செய்யும் சேவை” என்று ஒரு மறுப்பு வந்துள்ளது. கூர்மையான மறுப்பு. இதற்குப் பதில் என்னிடமிருந்து வர வேண்டியதில்லை. ஆலிவர் டாம்போ 1980 நவம்பர் 28 அன்றே கொடுத்துவிட்டார். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறைக்கும் கட்டுப்படுவோம் என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவராக, அதன் சார்பில் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார். குடியேற்ற ஆட்சிக்கும் அந்நிய ஆக்கிரமிப்புக்கும் இனவாத ஆட்சிக்கும் எதிராக மக்கள் நடத்தும் ஆயுதப் போராட்டத்தைச் சர்வதேசப் போராகவே கருத வேண்டும் என்று சொல்லும் நெறிமுறை அது. விமானம் இல்லாதவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். விமானம் வைத்திருந்த அரசு தன் ஆட்சிக்காலம் முடியும்வரை சேரவில்லை. தென்னாப்பிரிக்கா அதில் சேர்ந்தது 1995இல், மண்டேலா குடியரசுத் தலைவரான பிறகு.

கையெழுத்திட்ட பிறகுதான் சர்ச் தெருவும் அமன்சிம்டோட்டியும் நடந்தன என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். ஆம். அதனால்தான் அவற்றை மீறல் என்று சொல்ல முடிகிறது.

14 மார்ச்

ஒரு சிறு இடைச்செருகல். மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2008 ஜூலையில்; அவருடைய 90ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு. நோபல் பரிசு பெற்று ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்தர் யாரோ கோப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

18 மார்ச்

ஆணையத்தின் அறிக்கையைப் பற்றிப் பலர் கேட்டதால் சொல்கிறேன். 1998 அக்டோபர் 29 அன்று ஆணையத்தின் தலைவர் டெஸ்மண்ட் டூட்டு ஐந்து தொகுதிகளை மண்டேலாவிடம் கொடுத்தார். அறிக்கை மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் சொன்னது: இன ஒதுக்கல் மானுடத்துக்கு எதிரான குற்றம், அதை எதிர்த்த போர் நியாயமான போர், அந்த நியாயமான போரிலும் பெரும் மனித உரிமை மீறல்கள் நடந்தன. நான் நெடுங்காலம் தேடிய வாக்கிய அமைப்பு இது. நோக்கத்துக்கு ஒரு தீர்ப்பு, வழிமுறைக்கு இன்னொரு தீர்ப்பு; ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. முக்கியமாக, இரு தரப்பும் சமம் என்ற சோம்பேறித்தனமான முடிவுக்கு அது போகவில்லை.

அறிக்கை யாருக்குப் பிடித்தது? யாருக்கும் இல்லை. முன்னாள் அதிபர் டி கிளர்க் நீதிமன்றம் சென்றதால் அவரைப் பற்றிய பகுதியைக் கறுப்பு மையால் மூடி வெளியிட்டார்கள். ஆளுங்கட்சியாகிவிட்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரசும் வெளியீட்டைத் தடுக்க நீதிமன்றம் சென்று, வெளியீட்டு நாளன்று காலையில்தான் தோற்றது. மண்டேலா கட்சியின் பக்கம் சாயாமல் அறிக்கையைப் பெற்றுக்கொண்டார்.

அந்த விசாரணைகளில் ஒரு காட்சி உண்டு. சர்ச் தெருக் குண்டுவெடிப்பைத் திட்டமிட்ட அபூபக்கர் இஸ்மாயிலும், அதில் இரு கண்களையும் இழந்த விமானப்படை ஊழியர் நெவில் கிளாரன்சும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதை நல்லிணக்கத்தின் படமாக அச்சிட்டன. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: ‘நான் செய்தேன்’ என்று ஒருவர் எழுந்து சொன்னது. ஷார்ப்வில்லில் சுட்டவர்கள் அப்படி எழுந்து நிற்கும் தேவை ஒருபோதும் ஏற்படவில்லை.

25 மார்ச்

ஐ.நா. ஏன் ஒரு வரையறை தரவில்லை என்ற கேள்வி. முயற்சிக்குக் குறைவில்லை. 1934இல் மார்செய்யில் யூகோஸ்லாவிய மன்னர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் 1937இல் ஒரு உடன்படிக்கை எழுதியது. பயங்கரவாதம் என்றால் அரசுக்கு எதிரான குற்றம் என்றே அது தொடங்கியது; ஆகவே அரசு அதைச் செய்யவே இயலாது! நடைமுறைக்கே வராத அந்த உடன்படிக்கையை ஏற்றுறுதி செய்த ஒரே நாடு எது தெரியுமா? இந்தியா, அதாவது அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. ரௌலட் சட்டத்தையும் ஜாலியன்வாலாபாக்கையும் கண்ட அரசுக்கு அந்த வரையறை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1996இல் தொடங்கிய விரிவான உடன்படிக்கைப் பேச்சு இன்னும் முடியவில்லை. சிக்கல் அதே இரண்டு இடங்களில்: அரசுப் படைகளைச் சேர்ப்பதா, விடுதலைப் போராட்டங்களை விலக்குவதா. 2005இல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், அரசின் வன்முறையைக் கட்டுப்படுத்த ஏற்கெனவே சர்வதேசச் சட்டம் இருக்கிறது, ஆகவே அரச பயங்கரவாத விவாதத்தை ஒதுக்கி வைப்போம்; ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமையில் பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்லும் உரிமை அடங்காது என்றார். இரண்டாவது பகுதியில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். முதல் பகுதியிலும் ஒரு காலத்தில் உடன்பட்டேன். கோட்சோ ஹவுஸ் கதையைத் தோண்டிய பிறகு உடன்பட முடியவில்லை. ஒரே குண்டுக்கு, வைத்தவர் ஷெர்லி கன் என்று நம்பியவரை ஒரு பெயரும், அமைச்சர் என்று தெரிந்த பிறகு இன்னொரு பெயரும் இருக்க முடியாது.

2 ஏப்ரல்

கேள்வியைத் தொடங்கிய வாசகர் திரும்பி வந்து, “செயலைப் பார், ஆளைப் பார்க்காதே என்பதுதானே உங்கள் வாதம்? உங்கள் போராளிகள் ஆட்சிக்கு வந்த பிறகு?” என்கிறார். நியாயமாகக் கேட்டிருக்கிறார். 2012 ஆகஸ்ட் 16, மரிகானா பிளாட்டினம் சுரங்கம். ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் 34 பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அதற்கு முந்தைய நாள்களின் மோதலில் காவலர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிறகு நடந்ததுதான் என்னை உறைய வைத்தது. கைதான 270 தொழிலாளர்கள்மீது, தங்கள் சகாக்கள் சுடப்பட்டதற்கே கொலைக் குற்றம் சாட்டினார்கள். கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு உடனிருந்த அனைவரும் பொறுப்பு என்னும் ‘பொது நோக்கம்’ என்ற பழைய கோட்பாடு, இன ஒதுக்கல் காலத்து வழக்கறிஞர்களுக்குக் கைவந்த ஆயுதம். எதிர்ப்பு வலுத்ததும் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஷார்ப்வில்லுக்கு என்ன சொல் எழுதுவேனோ, அதையே இதற்கும் எழுதுவேன். 7 மார்ச் குறிப்பில் தடுமாறிய கோட்டை இங்கே நான் அழித்துவிடுகிறேன்.

11 ஏப்ரல், இரவு

பரணிலிருந்து நறுக்குகளை இறக்கினேன். கரையான் பாதி தின்றிருந்தாலும் 1983 மே மாதம் தப்பியிருக்கிறது. என் நினைவு தவறு. சர்ச் தெருச் செய்தியில் நான் ‘கெரில்லாக்கள்’ என்றும் எழுதவில்லை, ‘பயங்கரவாதிகள்’ என்றும் எழுதவில்லை. “பிரிட்டோரியாவில் குண்டு வெடித்து 19 பேர் பலி” என்று, வைத்தவர் யாரென்றே சொல்லாமல், குண்டு தானாகவே வெடித்ததைப் போல எழுதியிருக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் என்பதால் அந்தக் கருணை.

அதற்கு அடியிலேயே இன்னொரு நறுக்கு. மே 23 அன்று தென்னாப்பிரிக்க விமானங்கள் மொசாம்பிக்கின் மட்டோலாவில் குண்டு வீசின. போராளிகளின் முகாம் என்றார்கள், ஜாம் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிலாளர்கள் என்பதையும் ஜாம் என்பதையும் நானே தமிழாக்கியிருக்கிறேன். மேலே தலைப்பும் என் கையெழுத்தில் மெய்ப்புத் திருத்தப்பட்டிருக்கிறது: “தென்னாப்பிரிக்கா பதிலடி.”